வானம் தோண்டும்போது வந்த பானை ஓடு



சபுர் சென்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பாலைவன வெயிலில் உழைத்துத் திரும்பும் ஒருவர், ஊருக்கு வந்ததும் செய்ய விரும்பும் முதற்காரியம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். ஊரோரத்தில் நாலைந்து சென்ட் மனை வாங்கி, தமக்கென்று ஒரு வீடு கட்டிக் குடிபுக வேண்டும் என்பதே அது. நம் தேவகோட்டையைச் சுற்றி எத்திசையில் சென்றாலும் சாலையோரத்தில் வெள்ளையும் மஞ்சளும் பூசிய எல்லைக் கற்கள் வரிசையாக நிற்பதைக் காண்கிறீர்கள். நேற்றுவரை பொட்டலாகவும் புன்செயாகவும் கிடந்த நிலம், இன்று ஏதோ ஒரு 'நகர்' என்ற பெயர்ப்பலகையுடன் காட்சி தருகிறது.

என் தங்கை மகனும் அப்படித்தான் ஒரு மனை வாங்கினான். ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வானம் தோண்டத் தொடங்கிய அன்று நண்பகலில் எனக்குத் தொலைபேசியில் பேசினான்.

"மாமா, தோண்டத் தோண்ட பானை ஓடா வருது. ஒரு மூலையில பெரிய பானை ஒண்ணு கழுத்தளவு தெரியுது. வெளியே சொன்னா கவர்மென்ட்டு இடத்தை எடுத்துக்கும், பேசாம மூடிடலாம்னு கொத்தனார் சொல்றார். என்ன செய்யட்டும்?"

உண்மையைச் சொல்கிறேன்; அக்கணத்தில் எனக்கு விடை தெரியவில்லை. "இரு, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அன்று தொடங்கிய விசாரணையில் நான் அறிந்தவற்றைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். ஏனெனில், நாளை இதே கேள்வி உங்கள் வீட்டுக் கடைகாலிலிருந்தும் எழக்கூடும்.

நம் சிவகங்கை மாவட்டத்தின் மறுகோடியில், திருப்புவனம் வட்டத்தில் உள்ள கீழடியைப் பற்றிக் கேள்விப்படாதவர் இன்று இல்லை. ஆயினும் அங்கே நடந்தது என்ன என்று கேட்டால், "பழைய பானையெல்லாம் எடுத்தார்களாமே" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கின்றனர். சற்று விரிவாகப் பார்ப்போம்.

1970களில் அவ்வூரில் கிணறு வெட்டியபோது கிடைத்த பொருள்களைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கவனித்துச் சேகரித்து, தொல்லியல் அறிந்தவர்களிடம் காட்டினார். அதன்பின் நாற்பது ஆண்டுக்காலம் அச்செய்தி பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. 2013-14ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூர் அகழாய்வுப் பிரிவினர், அமர்நாத் இராமகிருஷ்ணன் அவர்களின் தலைமையில், வைகை ஆற்றின் இரு மருங்கும் ஊர் ஊராக நடந்து 293 இடங்களில் பழந்தடயங்களைக் கண்டனர். அவற்றுள் அகழத் தக்கதாகத் தேர்ந்தெடுத்த இடமே கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். சுமார் 110 ஏக்கர் பரப்பளவுள்ள மேட்டு நிலம் அது. 2015இல் மண்வெட்டி விழுந்தது.

அந்த மேடு இத்தனை நூற்றாண்டுகள் சிதையாமல் தப்பியது எப்படி? அது தென்னந்தோப்பாக இருந்தது, அவ்வளவுதான்! மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு என்பது வீட்டுமனை விற்பவர்களுக்கு எவ்வளவு இனிப்பான தொலைவு என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தோப்புகளின் உரிமையாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே கல் நட்டு மனைகளாக்கி விற்றிருந்தால், இன்று அங்கே ஒரு புறநகர்க் குடியிருப்பு எழுந்திருக்கும்; பாடநூல்களில் கீழடி என்ற பெயர் இடம் பெற்றிராது. அந்நில உடைமையாளர்கள் தம் தோப்புகளில் குழி தோண்ட இசைவளித்தனர். ஆய்வு முடிந்த குழிகள் பல மீண்டும் மண்ணிட்டு மூடப்பட்டு அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. கொத்தனார் சொன்னதைப் போல, ஓடு கிடைத்ததுமே நிலம் பறிபோய்விடவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அகழாய்வுக் குழியை நேரில் பார்த்திராதவர்களுக்கு அதனைச் சொல்லியாக வேண்டும். வானம் தோண்டுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாக நிலத்தில் கயிறு கட்டுகின்றனர். அச்சதுரத்தை நான்காகப் பிரித்து, நடுவே வரப்பைப் போலச் சிறிது மண்சுவரை விட்டுவிடுகின்றனர். பிறகு, விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்டி எடுக்கின்றனர். உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் சிறு கரண்டியும் தூரிகையுமாகக் குனிந்தமர்ந்து வேலை செய்வதைக் கண்டால், நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாள் நம் வீட்டுப் பெண்கள் அலமாரி இடுக்குகளைத் துடைப்பதுதான் நினைவுக்கு வரும். எடுத்த மண் சலிக்கப்படுகிறது. கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எந்தக் குழி, எந்த மூலை, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று சீட்டு எழுதிக் கட்டப்படுகிறது.

ஆழம் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமமே உள்ளது. ஓரிடத்தில் மனிதர் வாழ்ந்தால் மண் சேரும். சுவர் இடிந்து விழும். அடுப்புச் சாம்பல் குவியும். ஆறு பெருகி வண்டலைப் பரப்பும். அதன்மேல் அடுத்த தலைமுறை வீடு கட்டும். இப்படி அடுக்கடுக்காக உயர்ந்ததுதான் நாம் 'நத்தமேடு' என்றும் 'கோட்டைமேடு' என்றும் அழைக்கும் மேடுகள். மேலடுக்கு அண்மைக் காலம், கீழடுக்கு முற்காலம். ஒரு பானை ஓட்டுக்கு அது கிடந்த ஆழமே முகவரி. முகவரி கிழிந்த கடிதம் யாருக்குப் பயன்படும்?

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கரித்துண்டு கிடைத்தது. நம் வீட்டு அடுப்பில் கிடைப்பதைப் போன்ற சாதாரணக் கரிதான். அதனை அமெரிக்காவின் மியாமி நகரிலுள்ள பீட்டா பகுப்பாய்வுக் கூடத்திற்கு அனுப்பிக் கரிமக் காலக்கணிப்புச் செய்ததில், கி.மு. 580ஆம் ஆண்டளவினது என்று தெரியவந்தது. 2019 செப்டம்பரில் தமிழகத் தொல்லியல் துறை இதனை அறிக்கையாக வெளியிட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதே கரித்துண்டு பொக்லைன் எந்திரத்தின் வாயில் அகப்பட்டு லாரியில் ஏறியிருந்தால்? கரி கரியாகவே இருந்திருக்கும். அதன் வயதையும் ஒருவேளை அறிந்திருக்கலாம். ஆனால் அது எந்த வீட்டுத் தரையில், எந்தப் பானையின் அருகில் கிடந்தது என்பதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

2018இல் மாநிலத் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 5,820 தொல்பொருள்கள் கிடைத்தன. அவற்றுள் மன்னர்களின் மணிமுடியோ வாளோ இல்லை. நூல் நூற்கும் தக்களி, பகடைக்காய், பெண்களின் பாசிமணிகள், பிள்ளைகள் உருட்டி விளையாடிய சுடுமண் வட்டுகள் முதலியனவே மிகுதி. செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், உறைகிணறுகளும் வெளிப்பட்டன. பானைகளின் தோளில் 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. கிடைத்த எலும்புகளில் எழுபதை ஆராய்ந்ததில் மாடு, எருமை, ஆடு ஆகியவையே பாதிக்கு மேல் என்று தெரிந்தது. குடும்பம் நடத்தும் சகோதரிகளே, இது உங்களைப் போன்ற குடும்பங்களின் வரலாறு! ஓட்டில் பெயர் எழுதி வைத்தது எதற்காக? திருமணத்திற்கும் மவ்லிதுக்கும் இரவல் கொடுக்கும் தேக்சாவில் நாம் பெயர் வெட்டி வைக்கிறோமே, அதற்காகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிஞர்கள் வேறு காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

கீழடியை அடுத்த அகரத்தில் தோண்டியபோது, பதினேழாம் நூற்றாண்டளவில் வழங்கிய 'வீரராயன் பணம்' என்னும் மிகச் சிறிய பொற்காசு ஒன்று கிடைத்தது. அருகிலுள்ள கொந்தகையோ பண்டைய மக்களின் இடுகாடு. தாழிகளில் வைத்து அடக்கம் செய்யப்பட்டவர்களின் எலும்புகள் அங்கே வெளிப்பட்டன. இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு அம்மனிதர்களின் முகத்தோற்றத்தை இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2025இல் வெளியிட்டனர். மையவாடியில் செருப்பணிந்து நடக்கவும் தயங்கும் நமக்கு, அடக்கம் செய்யப்பட்டவர்களைத் தோண்டியெடுப்பது நெருடலாகவே இருக்கும். எனக்கும் அந்த நெருடல் உண்டு. ஆனால் பொக்லைன் எந்திரம் நொறுக்கிச் செல்வதைவிட, தூரிகையால் மண் துடைக்கும் கை எவ்வளவோ மரியாதையானது.

இவ்வாய்வு தடங்கலின்றி நடந்துவிடவில்லை. கண்டெடுத்தவற்றை மைசூருக்குக் கொண்டுசெல்வது பற்றி 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குச் சென்றது. 2017இல் அமர்நாத் அவர்கள் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் அவர் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025இல் துறை கேட்டதும், அவர் மறுத்ததும் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அடியடுக்கின் வயது எவ்வளவு என்பதே அச்சர்ச்சையின் மையம். அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அடுக்குகள் கலையாமல் இருந்ததால்தான் அதுபற்றி வாதிடவாவது முடிகிறது. சவுடு மண்ணாகப் போய்விட்ட மேட்டைப் பற்றி யார் வழக்காடுவார்?

ஆம், சவுடு மண். இதுபற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. தாழ்வான மனையை வாங்குகிறோம்; மழைநீர் நிற்கிறது என்று மண் அடிக்கிறோம். 'இருபது லோடு அடித்தேன், முப்பது லோடு அடித்தேன்' என்று கணக்குச் சொல்கிறோம். அம்மண் எந்த மேட்டிலிருந்து வந்தது என்று எவரேனும் கேட்டதுண்டா? ஊருக்கு ஒதுக்குப்புறமாக, யாருக்கும் பயனின்றிக் கிடக்கும் மேடுதான் மண் எடுப்பவர்களின் கண்ணில் முதலில் படும். அது ஏன் மேடாயிற்று என்று அவர்கள் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. நம் காளையார்கோவிலைச் சங்க நூல்கள் கானப்பேரெயில் என்கின்றன. அத்தகைய பழமை வாய்ந்த வட்டாரத்தில் வாழ்ந்துகொண்டு, மேடென்றாலே மண் என்று மட்டும் நினைப்பது நமக்கு அழகாகுமா?

இனி, கொத்தனார் மூட்டிய அச்சத்திற்கு வருவோம். அது முழுவதும் பொய்யன்று, முழுவதும் மெய்யுமன்று.

1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னமென்று அறிவிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். சென்னையை அடுத்த பல்லாவரம், 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவியைக் கண்டெடுத்ததால் புகழ்பெற்ற ஊர். அங்கே பெருங்கற்கால ஈமச்சின்னப் பகுதியின் அருகில் குடியிருப்போர், இவ்விதியால் தம் சொந்த மனையிலேயே வீடு கட்ட இயலாமல் அல்லற்பட்டனர். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கியவனுக்கு இது சிறு துயரமா? வரலாற்றை நேசிக்கும் எவரும் இத்துயரத்தை ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் இவ்விதி அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு உரியது. உங்கள் கடைகாலில் நாலு ஓடுகள் தென்பட்டதும் தானாக வந்து கவிந்துவிடுவது அன்று.

புதையலுக்கெனத் தனிச்சட்டம் ஒன்று வெள்ளையர் காலத்திலிருந்தே, 1878 முதல் உண்டு. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதனைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. அறிவித்தவருக்கோ அச்சட்டமே பங்கு வகுத்துள்ளது. உரியவர் எவருமில்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்துக் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் உரியன. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். 'கவர்மென்ட்டு பிடுங்கிக்கொள்ளும்' என்று அஞ்சுவோரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

எனக்கு மனக்குறை வேறு. வீடுகள் எழுமுன் அந்நிலத்தை ஒருமுறை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. இங்கிலாந்தில் 1989இல், இலண்டன் மாநகரில் அலுவலகக் கட்டடத்திற்காகத் தோண்டியபோது 1587இல் எழுப்பப்பட்ட 'ரோஸ்' நாடகக் கொட்டகையின் அடித்தளம் வெளிப்பட்டது. மக்கள் திரண்டு போராடி, அதனைச் சிதைக்காமல் மேலே கட்டடத்தை எழுப்பச் செய்தனர். மறு ஆண்டே அந்நாட்டு அரசு திட்டமிடல் நெறியை வகுத்தது. நிலத்தை மாற்றியமைத்து வருவாய் ஈட்டுபவரே, கட்டுவதற்கு முன் அகழாய்வுக்கான ஏற்பாட்டையும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின், கிராமப்புறத்தில் வீடுகள் கட்டப் போகும் வயல்களில் கற்காலம் முதல் இடைக்காலம் வரை பல காலத்து மக்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குடியிருந்த தடங்கள் வெளிப்படுவது அங்கே வழக்கமான செய்தியாகிவிட்டது. சில வாரங்களில் ஆய்ந்து, பதிந்து, மூடிவிட்டு, வீடுகளுக்கு வழிவிடுகிறார்கள். ஜப்பானிலும் இப்படி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நடக்கிறது.

நம்மாலும் முடியாததன்று. ஆந்திரத்தில் கிருஷ்ணா நதியின் குறுக்கே அணை கட்டியபோது, நீரில் மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கில் 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, கற்காலம் தொட்டு இடைக்காலம் வரையிலான சின்னங்களைக் கண்டு, முக்கியமானவற்றைப் பெயர்த்துக் குன்றின்மேல் நிறுவினர். அணைக்காகச் செய்ய முடிந்ததை, இருபது ஏக்கரை ஒரே மூச்சில் மட்டமாக்கும் மனைப்பிரிவுக்காகச் செய்யக் கூடாதா? சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கினால்தான் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் என்கிறார்களே! அவ்விண்ணப்பத்துடன், தொல்லியல் அறிந்தவர் ஒருவர் நிலத்தை நடந்து பார்த்தார் என்ற ஒரு தாளையும் கேட்டால் போதும். சுமை, ஐந்து சென்ட் வாங்கும் ஏழையின் தலையில் விழாமல் இருபது ஏக்கரை விற்பவரின் தலையில் விழ வேண்டும்.

இது பிறர் வரலாறு, நமக்கென்ன என்று நம்மில் யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் சமுதாயத்தவர் நிறைந்து வாழும் அழகன்குளத்தில்தான் உரோமானியர் காலத்துக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் ஏராளமாக வெளிவந்தன. நம் முன்னோரின் கடல் வணிகத்திற்கு அந்த ஓடுகளைவிடச் சிறந்த சாட்சி ஏது? இருந்தும் பழைய பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது எழுத்துள்ள கல்லைப் படிக்கட்டுக்குப் போடுவதும், மீசான் கற்களை மண்ணோடு மண்ணாக விடுவதும் நம்மிடையே நடக்காமல் இல்லை. தேவகோட்டையில் நகரத்தார் கட்டிய பெருவீடுகள் தூண் தூணாகக் கழற்றி விற்கப்படுவதைக் கண்டு பெருமூச்சு விடுகிறோம். கீழடியில் 2023 மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகமோ, அதே செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் சுமார் 18 கோடி ரூபாய் செலவில் புதிதாகக் கட்டப்பட்டது! பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் சென்று வாருங்கள்.

உங்கள் மனையில் இப்படி ஏதேனும் தென்பட்டால், அந்த மூலையில் மட்டும் வேலையை நிறுத்துங்கள். பானையை அசைக்காதீர்கள், உள்ளே தங்கம் இருக்குமென்று உடைக்காதீர்கள். பெரும்பாலும் மண்ணும் எலும்பும்தான் இருக்கும். தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று அளந்து எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சிவகங்கையில் அரசு அருங்காட்சியகம் உள்ளது, அங்கும் சொல்லலாம்.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு மூன்றாம் நாள் நான் மருமகனை அழைத்தேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்குச் சாயங்காலமே கான்கிரீட் போட்டாச்சு மாமா. கொத்தனாருக்கு அடுத்த வேலை இருந்துச்சு" என்றான். அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. லீவு முடிய நாற்பது நாள்கள்தான் இருந்தன அவனுக்கு.

வீடு குடிபுகும் விருந்துக்குச் சென்றிருந்தேன். அந்தப் பானை சமையற்கட்டின் தென்மேற்கு மூலைக்குக் கீழே இருக்கிறது. அது இரண்டாயிரம் ஆண்டுப் பழையதாகவும் இருக்கலாம்; நம் பாட்டிமார் காலத்துக் குதிராகவும் இருக்கலாம். விருந்து முடிந்ததும் அவனுடைய மகள், ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, பென்சில் பெட்டியைத் திறந்து ஓர் ஓட்டுத் துண்டை என் கையில் வைத்தாள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, விளிம்பு வழவழவென்றிருந்தது.

"இது எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது?" என்று கேட்டேன்.

அவள் தன் அத்தாவைப் பார்த்தாள். அவன் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினான். பிறகு சற்று யோசித்து, கையை முழங்காலுக்கு இறக்கினான். "சரியா ஞாபகமில்லை மாமா" என்றான்.